ஐந்து வரை எண்ணிய அண்ணனுக்கு

தலையில் அடிபட்ட பையனோடு போராடிய வியாழன் இரவைப் பற்றித் திரும்பச் சொல்லத் தெம்பில்லை, எல்லாருக்கும் தெரியும். இன்று காலை நாங்கள் சொன்னதும் அந்தப் பையன் விரலை மடக்கினான். அதனால்தான் கையோடு எழுதுகிறோம்.

முதல் நன்றி ஸ்ட்ரெச்சர் தள்ளும் அண்ணனுக்கு. ஐசியூவிலிருந்து சிடி ஸ்கேன் அறை வரை ஆம்பு பேக் (அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை) அவர் கையில் இருந்தது. வினாடிக்கு ஒன்றாக ஐந்து வரை வாய்விட்டு எண்ணி, ஐந்துக்கு ஓர் அமுக்கு. நிமிடத்துக்கு 12 மூச்சு. பதற்றத்தில் வேறு யாராவது பிடித்திருந்தால் 25, 30 ஆகியிருக்கும். நிறைய அமுக்கினால் நல்லது என்ற நினைப்பு நம்மில் பலருக்கும் உண்டு. வேகம் கூடினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு இறங்கும், மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். அதன் அழுத்தம் 1 மி.மீ. (பாதரச அளவில்) இறங்கினாலே மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். 38 இருந்தது 28 ஆனால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நிலையில் பெர்ஃப்யூஷன் (மூளையின் ரத்த ஓட்டத்தை அளக்கும் சிடி படம்) எடுத்தால், 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு 50 மி.லி. ரத்தம் ஓட வேண்டிய இடமெல்லாம் 35 என்று காட்டும். அது அடிபட்டதால் குறைந்ததா, அமுக்கியதால் குறைந்ததா? படம் சொல்லாது. பக்கவாதம் என்றால் நல்ல பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தலைக்காயத்தில் நல்ல பக்கம் என்று ஒன்று இருந்தால்தானே!

வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராஃப் 35, 36 என்றே நின்றது. அதனால்தான் காயத்தைச் சுற்றி ரத்த ஓட்டம் 18-க்குக் கீழே தெரிந்த திட்டை நம்பி, ரத்த அழுத்தத்தை உயர்த்தும் முடிவை எடுக்க முடிந்தது.

கையில் மருந்து ஏற்றப் போட்டிருந்த சின்ன நீல வென்ஃப்ளான் ஊசியைப் பார்த்ததும் "இது தாங்காது" என்று வலது முழங்கை மடிப்பில் பெரிய பச்சை ஊசி போட வைத்த சிடி டெக்னீஷியனுக்கும் நன்றி. வினாடிக்கு 5 மி.லி. கான்ட்ராஸ்ட் (படத்தில் ரத்தக் குழாய்கள் தெரிய ஏற்றும் மருந்து) போகும்போது சின்ன ஊசி என்றால் தோலுக்கடியில் கசிந்து, படமும் கெடும், கையும் வீங்கும். ஸ்கேனை 60 வினாடியும் முழுசாக ஓடவிட்டார். பாதியில் நிறுத்தினால் கான்ட்ராஸ்ட் வெளியேறும் வால்பகுதி கிடைக்காமல் கணக்கே தப்பாகும். மேசையில் படுக்க வைத்ததும் மண்டைக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்டியூசரைக் காது மட்டத்துக்குக் கொண்டுவந்து மறுபடி ஜீரோ செய்த சிஸ்டர், லிஃப்டைப் பிடித்து நிறுத்திய செக்யூரிட்டி, ரத்த வங்கி, தியேட்டர் ஆட்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு.

இனி கேப்னோகிராஃப் இல்லாமல் எந்த ஸ்ட்ரெச்சரும் எங்கள் வாசலைத் தாண்டாது. அண்ணே, புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு அந்த எண்ணிக்கையை நீங்களே சொல்லித்தர வேண்டும். செவ்வாய் மதியம் 2 மணிக்கு வாருங்கள், டீ எங்கள் கணக்கு.

நியூரோ ஐசியூ, இரவுப் பணி