அணிலுக்கு முறுக்கு போடாதீர்கள்

நீண்ட வார இறுதி கிடைத்தால் வேன் எடுத்துக்கொண்டு கிராண்ட் கேன்யனுக்குக் கிளம்பும் தமிழ்க் குடும்பங்களுக்கும், அவர்களைத் திரட்டி அழைத்துப் போகும் தமிழ்ச் சங்க அன்பர்களுக்கும்,

வணக்கம்.

நான் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள பீனிக்ஸுக்குக் குடிவந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அழைத்துப் போவது கிராண்ட் கேன்யன் என்ற பெரும் பள்ளத்தாக்கின் தென் விளிம்புக்குத்தான். காரில் மூன்றரை மணி நேரம். எத்தனை முறை போயிருக்கிறேன் என்ற கணக்கு எப்போதோ விட்டுப்போயிற்று. போகும்போதெல்லாம் நம்மவர்கள் கண்ணில் படுகிறார்கள். எவர்சில்வர் டப்பா திறக்கும் சத்தம், அதைத் தொடர்ந்து ஒரு தமிழ்க் குரல். கேட்கவே சந்தோஷமாக இருக்கும், அந்த டப்பாவிலிருந்து ஒரு கை அணிலை நோக்கி நீளும் வரைக்கும்.

உபதேசம் செய்ய வந்துவிட்டான் என்று நினைக்காதீர்கள். முதல் குற்றவாளி நான்தான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அம்மா வந்திருந்தார். பாலைவனப் பள்ளத்தாக்கு என்று சொல்லி அழைத்துப் போனேன். போய் இறங்கினால் எங்கும் பைன் மரம், சால்வையைத் தாண்டிக் குளிர். "இதுவா பாலைவனம்?" என்று கேட்டார். விளிம்பு கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாலைவனம் கீழே, கொலராடோ ஆறு ஓடும் அடிவாரத்தில், அங்கே கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டதாகத் தெரியவில்லை. கல் சுவரின் மேல் ஓர் அணில் வந்து பின்னங்காலில் நின்று கை கூப்பியது. ஆம், கூப்பியது. அப்படித்தான் இருந்தது. சாம்பல் நிறம், புள்ளி தெளித்த முதுகு, நம் ஊர் அணிலைப் போல மூன்று மடங்கு உடம்பு. "முதுகில் கோட்டையே காணோம், ராமர் இதைத் தடவிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே அம்மா முறுக்கை ஒடித்தார். நான் செல்போனைத் தூக்கிப் பிடித்தேன். ஏழு வயது மகன், தானும் கொடுப்பேன் என்று ஒரு துண்டை வாங்கி நீட்டினான்.

அணிலுக்கு முறுக்கு எது, விரல் எது என்று தெரியவில்லை. ஆள்காட்டி விரல் நுனியில் இரண்டு துளைகள். அவன் அழுத அழுகை எதிர்ச்சுவர்ப் பாறையில் பட்டுத் திரும்பியிருக்கும். அன்று மாலை மருத்துவமனை, ஊசி, மருந்து, அடுத்த சில நாட்களுக்குக் காய்ச்சல் வருகிறதா என்று தெர்மாமீட்டரும் கையுமாக நாங்கள்.

சத்தம் கேட்டு வந்த தேசியப் பூங்காக் காவலர் காயத்தைக் கழுவிவிட்டார். அபராதம் போட்டிருக்கலாம், போடவில்லை. பாறை அணில் என்ற இந்த இனத்திடம்தான் ஆண்டுதோறும் பத்து பத்தாக ஆட்கள் கடி வாங்குகிறார்கள் என்றார். பூமா, கிலுகிலுப்பைப் பாம்பு எல்லாம் பட்டியலில் பின்னால்தான். கடியோடு போகாது, இவற்றின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி பிளேக் நோயைச் சுமக்கக்கூடும். பிளேக் வரலாற்றுப் பாடத்தில் படித்த நோய் என்று நினைத்திருந்தேன். இதே பூங்காவின் உயிரியலாளர் ஒருவர் 2007-ல், இறந்துகிடந்த பூமாவை அறுத்துப் பரிசோதித்தபோது பிளேக் தொற்றி இறந்திருக்கிறார்.

ஆனால் என்னை உலுக்கியது அதுவல்ல, அடுத்து அந்தக் காவலர் சொன்ன மான் கதை. பள்ளத்தாக்கின் அடிவாரத்தில் ஃபேன்டம் ரான்ச் என்றொரு தங்குமிடம் உண்டு. நடந்தோ, கோவேறு கழுதை மேலோ, ஆற்றில் படகிலோதான் போக முடியும். 1990-களின் நடுவில் அங்கே சுற்றித் திரிந்த மியூல் மான்கள் பயணிகள் கொடுத்த சிப்ஸுக்கும் மிட்டாய்க்கும் பழகி, இலை தழையை மறந்துவிட்டன. உப்பு வாசனைக்காக பிளாஸ்டிக் உறையையும் சேர்த்து விழுங்கின. வயிறு நிறைய பிளாஸ்டிக், உடம்பு எலும்பும் தோலும். கடைசியில் இருபதுக்கும் மேற்பட்ட மான்களைப் பூங்காக்காரர்களே சுட்டுக் கொல்ல வேண்டிவந்தது. அவற்றைக் காப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவர்கள்.

திரும்பும் வழியில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. ஃபிளாக்ஸ்டாஃப் தாண்டியபோது மட்டும் கேட்டார்: "காக்கைக்கு வைக்காமல் நாம் சாப்பிட்டதுண்டா? வாயில்லா ஜீவனுக்கு ஒரு வாய் கொடுத்தது தப்பா?"

உங்களில் பலருக்கும் இதே கேள்வி இருக்கும். இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. ஆனால் காக்கை நம் கொல்லையில், நம் குப்பையில், நம்மோடு வாழ்கிற பறவை. நாம் வைக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போகும். கேன்யன் அணிலுக்குப் பக்கத்து வீடு கிடையாது. பைன் விதையும் ஜூனிப்பர் காயும் தேடித் தின்று, குளிர்காலத்துக்குச் சேர்த்து வைக்கத் தெரிந்த பிராணி அது. அதைச் சுவரோரம் உட்காரவைத்துப் பிச்சைக்குப் பழக்கிவிட்டு, பனி விழுந்ததும் நாம் வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அழகர்கோவில் குரங்கிடம் பையைப் பறிகொடுத்தவர்களுக்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

கை கூப்பும் அணிலோடு மல்லுக்கட்டுவதில் நாம் தவறவிடும் அணில் ஒன்று இருக்கிறது. விளிம்பை விட்டு நூறடி உள்ளே, பாண்டரோசா பைன் மரங்களுக்கிடையே, காது நுனியில் குஞ்சம் வைத்த ஏபர்ட் அணில். நேர் எதிரே, வட விளிம்பில் இருப்பது அதன் பங்காளி. பெயர் கைபாப் அணில், வால் வெள்ளை வெளேர். இடையில் இந்தப் பள்ளம், போக வர வழியில்லை, பிரிந்தவை தனித்தனிச் சாயலில் வளர்ந்துவிட்டன. முறுக்குக்கு வராது. கழுத்து வலிக்க அண்ணாந்து காத்திருந்தால் சில நேரம் காட்சி தரும்.

எல்க் மான்களைப் பற்றியும் ஒன்று. 1913-லிருந்து யெல்லோஸ்டோன் பக்கமிருந்து அரிசோனாவுக்குக் கொண்டுவந்து விடப்பட்டவற்றின் வாரிசுகள் இவை. தண்ணீர் பாட்டில் நிரப்பும் குழாயின் பிடியை மூக்கால் தள்ளித் திறக்கக் கற்றுக்கொண்டன. பூங்காக்காரர்கள் குழாயையே மாற்றியமைக்க வேண்டியதாயிற்று. புத்திசாலி, சாது என்று நினைத்துக் குழந்தையை அருகில் நிறுத்திப் படம் எடுக்கிறீர்கள். ஆண் எல்க்குக்கு முந்நூறு கிலோவுக்கு மேல் எடை இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் இணை தேடும் காலம். அப்போது அதற்கு உங்கள் குழந்தையும் எதிரிதான். விதி எளிது: பெரிய விலங்குக்கு 100 அடி, சின்னதற்கு 50 அடி. அளவுகோல் வேண்டாம். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை உயர்த்துங்கள். விலங்கு முழுதும் விரலுக்குப் பின்னால் மறைந்தால் சரி, மறையாவிட்டால் பின்வாங்குங்கள்.

இன்னொன்று, விளிம்பில் நின்று வேண்டிக்கொண்டு காசு எறிகிறவர்கள். தயவுசெய்து வேண்டாம். இங்கே கலிஃபோர்னியா காண்டோர் என்ற பிணந்தின்னிக் கழுகு பறக்கிறது. இறக்கை விரித்தால் ஒன்பதரை அடி. 1982-ல் உலகத்திலேயே 22 பறவைகள்தான் மிச்சம். 1987-ல் காட்டில் இருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் பெருக்கி, 1996 டிசம்பரில் அரிசோனாவின் வெர்மிலியன் கிளிஃப்ஸ் பகுதியில் ஆறு பறவைகளைத் திறந்துவிட்டார்கள். ஒரு முறைக்கு ஒரே முட்டை, அதுவும் பெரும்பாலும் இரண்டாண்டுக்கு ஒன்று. நம் ஊர்ப் பாறுக் கழுகை மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் கொன்றது. இதை, வேட்டைக்காரர்கள் விட்டுச் செல்லும் இறைச்சியில் கிடக்கும் ஈயத் தோட்டாத் துணுக்கு கொல்கிறது. அது போதாதென்று, பளபளக்கும் காசையும் பாட்டில் மூடியையும் எலும்புத் துண்டு என்று எண்ணிப் பொறுக்கிக் குஞ்சுக்கு ஊட்டிவிடும்.

சங்கப் பொறுப்பாளர்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. புறப்படும் நேரம், வேன் எண், யார் புளியோதரை, யார் தயிர்சாதம் என்றெல்லாம் வாட்ஸப்பில் பட்டியல் போடுகிறீர்கள். அதில் ஒரு வரி சேருங்கள்: "சாப்பாடு வண்டிக்குள், மிச்சம் மூடிய குப்பைத்தொட்டிக்குள், விலங்குகளுக்கு எதுவும் தரக்கூடாது." வேனுக்கு ஒரு பைனாகுலர் வாங்கி வையுங்கள்.

சென்ற மே மாதம் அம்மா மறுபடி வந்தார். கேன்யனுக்குப் போகலாம் என்று அவரே கேட்டார். மாலை ஐந்து மணிக்கு, விளிம்பில் இருக்கும் லுக்கவுட் ஸ்டுடியோ என்ற கல் கட்டடத்தின் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். பாறை மேல் ஒரு நிழல் ஓடியது. அண்ணாந்தால், இறக்கையில் எண் அட்டை கட்டிய காண்டோர், ஒரு முறைகூட இறக்கையை அடிக்காமல் எங்களுக்குக் கீழே இறங்கி வட்டமிட்டது. மேலிருந்து பறவையின் முதுகைப் பார்ப்பது அம்மாவுக்கு அதுதான் முதல் முறை. அதற்குள் சுவர் மேல் ஓர் அணில் வந்து நின்று கை கூப்பியது. அம்மா அதைப் பார்த்தார், முறுக்கு டப்பாவின் மூடியை இன்னொரு முறை அழுத்திப் பார்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்புடன்,
பீனிக்ஸிலிருந்து ஒருவன்