ரெண்டு வட்டியும் ஒன்பது சதவீதமும்

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்தி காது குத்தும்போது அழவே இல்லை என்று எழுதியிருக்கிறாய். அதை மட்டும் நான் நம்பமாட்டேன். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. எட்டாம் வகுப்பை மாடியில் வைத்திருக்கிறார்கள், அதுதான் கொடுமை.

அந்த எட்டாம் வகுப்பைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும். வாழ்வியல் கணிதத்தில் கூட்டு வட்டி நடத்திக்கொண்டிருக்கிறேன். அசல் 10,000, வட்டி 10 சதவீதம், 3 ஆண்டு. தனிவட்டி 3,000, கூட்டு வட்டி 3,310, வித்தியாசம் 310. எத்தனையோ வருடமாக இதைக் கரும்பலகையில் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறவன் நான். இந்த முறை ஒரு பெண் எழுந்து நின்றாள். "சார், பேங்க்ல நகைக்கு ஒன்பது வட்டி. எங்க தெருவுல ரெண்டு வட்டிதான். அப்புறம் எதுக்கு சார் எல்லாரும் பேங்க்குக்குப் போறாங்க?"

ஒருவரும் சிரிக்கவில்லை. பாதி வகுப்புக்கு அதே சந்தேகம். நமக்கு ரெண்டு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய், அதாவது வருடத்துக்கு 24 சதவீதம். பேங்க் சொல்கிற ஒன்பதோ வருடத்துக்கே 9 சதவீதம். பிள்ளைகளுக்கு 2 சின்ன எண், 9 பெரிய எண், அவ்வளவுதான். புத்தகத்தில் கணக்குக்குக் கணக்கு 'ஆண்டுக்கு' என்று இருக்கிறது. அந்தச் சொல்லின் கீழே நான் ஒரு நாளும் கோடு போட்டதில்லை.

மறுநாள் சூத்திரத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். வகுப்பில் 36 பேர். ஆளுக்கு ஒரு மாதம். 10,000 ரூபாய் ரெண்டு வட்டிக்கு வாங்கியாயிற்று, வட்டியே கட்டவில்லை, அது அசலோடு சேர்ந்துகொண்டே போகிறது. முதல் பையன் 10,200 எழுதி நோட்டைப் பக்கத்தில் தள்ளினான். அடுத்தவள் 10,404. முதல் பெஞ்சில் கதை பேசிக்கொண்டுதான் எழுதினார்கள். பாதி தாண்டியதும் சத்தம் அடங்கிவிட்டது. கடைசிப் பெஞ்சுக்கு நோட்டு போனபோது 20,399. தனிவட்டி என்றால் 17,200-தான் வந்திருக்கும். 72-ஐ வட்டியால் வகுத்தால் ஏறக்குறைய இரட்டிப்பாகிற காலம் வரும் என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னேன். 72-ஐ 2-ஆல் வகுத்தால் 36 மாதம். முதலிலேயே சொல்லியிருந்தால் மனப்பாடம் செய்துவிட்டு மறந்திருப்பார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு தப்பும் செய்தேன். "வீட்டில் என்ன வட்டிக்கு வாங்கியிருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிவாருங்கள்" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் நாலு பேர் நோட்டைத் திறக்கவில்லை. ஒருவன் பள்ளிக்கே வரவில்லை. சாயங்காலம் அவன் அம்மா வந்து, "எதுக்கு சார் இதெல்லாம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். கடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிற விஷயம் என்று இந்த வயதில் எனக்கு ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது, பார்.

அதிலிருந்து எல்லாக் கடனையும் மாரியக்கா என்று நானாக உண்டாக்கிய ஒரு பூக்காரியின் தலையில் கட்டிவிட்டேன். மாரியக்கா தண்டலுக்கு 10,000 வாங்குகிறாள். கையில் வருவது 8,500. தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "8,500-க்கு 1,500, சுமார் 18 சதவீதம் சார்" என்றார்கள். சரி, ஆனால் நூறு நாளும் அவள் கையிலா 8,500 இருந்தது? தினமும்தான் திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கிறாளே. சராசரியாகப் பாதிக் கடன்தான் அவளிடம் நின்றது என்று வைத்துக்கொண்டு வருடத்துக்குக் கணக்குப் போட்டால் நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. மூன்று முறை போட்டுப் பார்த்தார்கள். பைக் கடனில் 'ஃப்ளாட் ரேட்' என்று, கட்டக் கட்டக் கடன் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி போடுவதும் இதே வேலைதான். 12 சதவீதம் என்பான், ஒரு வருடத் தவணைக்கு உண்மையில் 21-ஐத் தாண்டும். அதை ஒன்பதாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வழக்கமாகத் தூங்குகிற ஒருவன், "வினாடிக்கு வினாடி வட்டி சேர்த்தா பணம் எங்கேயோ போயிடுமா சார்?" என்று கேட்டான். 1683-இல் கணித மேதை ஜேக்கப் பெர்னோலி கேட்ட அதே கேள்வி! ஒரு ரூபாய்க்கு வருடம் 100 சதவீதம் வட்டி. வருடக் கடைசியில் ஒரே முறை சேர்த்தால் 2 ரூபாய், மாதாமாதம் சேர்த்தால் 2.61, தினமும் சேர்த்தால் 2.71. அதற்குமேல் எவ்வளவு நறுக்கினாலும் 2.72-ஐத் தொடாது என்றேன். அவனுக்கு ரொம்ப ஏமாற்றம்.

உன்னால் ஒரு காரியம் ஆகவேண்டும். நீ பேங்க் கவுண்ட்டரில் இருந்த நாளில், "பத்தாம் தேதிக்குள்ள பணத்தைப் போடுடா" என்று என்னைத் துரத்துவாயே. பத்தாம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் அப்போது சேமிப்புக் கணக்கில் வட்டி. 2010 ஏப்ரலில்தானே தினசரி இருப்புக்கு மாற்றினார்கள்? கையால் எழுதிய அந்தக் காலத்துப் பாஸ்புக் உன்னிடம் இருந்தால் அனுப்பி வை, பெயரையும் கணக்கு எண்ணையும் மறைத்துவிட்டு வகுப்பில் காட்டுகிறேன். என்னுடையதை எங்கள் வீட்டுக் கரையான் தின்றுவிட்டது.

அன்புடன்,
சுந்தரம்