தம்பி சர்டிபிகேட் விஷயமா நைனாவுக்கு

ஸ்கார்பரோ, டொராண்டோ
ஞாயித்துக்கிழமை

அன்புள்ள நைனாவுக்கு,

நான் சௌக்கியம். பனி கொட்டுறதை அம்மாவுக்கு வீடியோவுலயே காட்டிட்டேன், அதைப் பத்தி எழுத ஒண்ணும் இல்ல. இது நீ போன்ல கேட்டதுக்குப் பதில். தம்பி ஆரக்கிள் கோர்ஸுக்கு, அதான் கம்பெனித் தகவலையெல்லாம் சேர்த்து வைக்கற டேட்டாபேஸ் சாப்ட்வேர் படிக்க, பணம் கேக்கறான், டி.எச். ரோட்டுல ஒரு இன்ஸ்டிட்யூட் "பாஸ் கேரண்டி"ன்னு போர்டு வச்சிருக்கு, கட்டலாமான்னு கேட்டே. போன்ல சொன்னா அவன் பக்கத்துல நின்னு சண்டைக்கு வருவான். அதான் எழுதறேன்.

சர்டிபிகேட்டுக்கு மதிப்பு உண்டா இல்லையாங்கற இந்தச் சண்டை எங்க ஆபீஸ் சாப்பாட்டு மேசையிலயும் ஓயறதே இல்ல. ருமேனியாக்காரர் ஒருத்தர், டேட்டாபேஸ் வேலையிலேயே தலை நரைச்சவர். கையில ஒரு சர்டிபிகேட் கிடையாது. "மனப்பாடம் பண்றவனுக்குத்தான் அதெல்லாம்"னு சிரிப்பார். எதிர்ல உக்கார்றவர் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன். கொழும்புல பேங்க் டேட்டாபேஸைப் பார்த்துக்கிட்டவர், இங்க வந்ததும் கிடைச்சது குடோன்ல பெட்டி தூக்குற வேலை. அங்க பார்த்த வேலையை இங்க யாரும் கணக்குல எடுத்துக்கல. ஆரக்கிள் கம்பெனி குடுக்கற ஓசிபிங்கற சர்டிபிகேட் பரீட்சை பாஸ் பண்ணின பிறகுதான் இன்டர்வியூவுக்கே கூப்பிட்டாங்களாம். "அவருக்கு இஞ்ச ஆக்கள் இருக்கினம், எனக்கு ஆர்?"னு என்கிட்ட கேட்டார்.

நான் அண்ணன் பக்கம்தான். சர்டிபிகேட் வெத்துக் காகிதம்னு சொல்ற எல்லாருமே ஏற்கெனவே உள்ளே உக்காந்திருக்கிறவங்க. தண்டையார்பேட்டை விலாசம், யாருக்கும் பேர் தெரியாத காலேஜ், சிபாரிசுக்கு ஆளில்ல. அப்படி ஒரு பையனோட பயோடேட்டாவை ரெண்டாவது தடவை பார்க்க வைக்க ஏதாவது ஒண்ணு வேணும் நைனா.

ஆனா எந்தச் சர்டிபிகேட்ங்கறதுதான் விஷயம். உனக்கு இது என்னைவிட நல்லாப் புரியும். மணலியில நீ சிக்ஸ்-ஜி வெல்டிங் டெஸ்ட் குடுத்தப்ப பைப்பை 45 டிகிரி சாய்ச்சு, சுத்த முடியாம கட்டி வச்சுட்டு, நீயே சுத்திச் சுத்தி வந்து அடின்னாங்க. அப்புறம் எக்ஸ்ரே. உள்ளே ஒரு ஓட்டை இருந்தாலும் படத்துல தெரிஞ்சுடும். "வெல்டிங் ராடு எதனால் ஆனது, நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடு"ன்னு யாரும் கேக்கல. ஓசிபி அந்த மாதிரி நாலு விடைப் பரீட்சைதான். கேள்வியை எவனாவது திருடி வெளிய விக்கறான், அதுக்கு டம்ப்ஸ்னு பேர். அந்த போர்டுல இருக்கிற கேரண்டி எங்கிருந்து வருதுன்னு இப்போ உனக்கே தெரியும். அதைப் படிச்சு பாஸ் பண்ணவங்களாலதான் அண்ணன் மாதிரி ராத்திரி கண் முழிச்சுப் படிச்சவங்க காகிதத்துக்கும் மதிப்பு குறையுது. ருமேனியாக்காரர் சிரிக்கறதுல அந்த அளவு நியாயம் இருக்கு.

சிக்ஸ்-ஜி மாதிரி பரீட்சை எங்க தொழில்ல இல்லாம இல்ல. ஆரக்கிள்ல ஓசிபிக்கு மேல ஓசிஎம்னு ஒண்ணு வச்சாங்க, ரெண்டு நாள் மெஷின் முன்னாடி உக்காந்து வேலையைச் செஞ்சே காட்டணும். மைக்ரோசாப்ட்லயும் செய்முறையோட மாஸ்டர்னு ஒண்ணு இருந்துச்சு, 2013ல நிறுத்திட்டாங்க. போஸ்ட்கிரெஸ்னு இலவச டேட்டாபேஸ் ஒண்ணு இருக்கே, அதை எழுதற கூட்டம் சர்டிபிகேட்டே குடுக்கறதில்ல, கம்பெனிகள் தனித்தனியா குடுத்தாத்தான் உண்டு. அமெரிக்காவுல சாப்ட்வேர்காரங்களுக்கும் இன்ஜினியர் லைசென்ஸ் பரீட்சை வச்சுப் பார்த்தாங்க. 2013லிருந்து 2019 வரைக்கும் எழுதினதே 81 பேர், மூடிட்டாங்க. நான் இருக்கிற இந்த ஒன்டாரியோ மாகாணத்துல இன்ஜினியர் லைசென்ஸ் இல்லாம கார்டுல இன்ஜினியர்னு போட்டுக்கவே கூடாது. தெருவுல எல்லார்கிட்டயும் "என் பொண்ணு கனடாவுல இன்ஜினியர்"னு சொல்றியாமே, மெதுவாச் சொல்லு!

ஆறு மாசம் அந்த வெல்டிங்கைத் தொடலைன்னா திரும்ப டெஸ்ட் குடுக்கணும்னு நீ அலுத்துக்குவியே, மைக்ரோசாப்ட்லயும் இப்போ நிறைய சர்டிபிகேட்டை வருஷா வருஷம் புதுப்பிக்கணும். அதுக்குக் காசு இல்ல, வீட்டுல இருந்தே எழுதலாம். எனக்கு அது சரியாத்தான் படுது.

என் இன்டர்வியூவைப் பத்தி உன்கிட்ட முழுசாச் சொன்னதில்ல. சர்டிபிகேட்டை ஒரு நிமிஷம் கூடப் பார்க்கல. ஒரு லேப்டாப்பைத் தள்ளி, இதுல டேட்டாபேஸ் விழுந்து கிடக்கு, எழுப்புன்னாங்க. எந்த ஃபைல் எங்க இருக்குன்னு குறிச்சு வைக்கற கன்ட்ரோல் ஃபைலைக் காணோம், தகவல் இருக்கிற ஒரு டேட்டா ஃபைலையும் காணோம். பேக்கப் எங்கேன்னு தேடி, ஆர்மேன்ங்கற ஆரக்கிளோட மீட்புக் கருவியில போட்டு, ஒவ்வொரு மாற்றமும் பதிவாகியிருக்கிற லாக் எல்லாம் ஓட்டி, திறந்து காட்டினேன். முதுகெல்லாம் வேர்வை, வெளிய மைனஸ் குளிர்ல. அதே சமயம் ஒண்ணு, அந்த நாற்காலி வரைக்கும் என்னைக் கொண்டு போனது அந்தக் காகிதம்தான்.

அதனால இன்ஸ்டிட்யூட்டுக்கு ஒரு பைசா கட்டாதே. ஆரக்கிளே ஒரு இலவசப் பதிப்பு குடுக்குது, 12 ஜிபி டேட்டா வரைக்கும் வைக்கலாம், கத்துக்க அது தாராளம். பழைய லேப்டாப்புல போடச் சொல்லு. முதல் வேலையா, அந்த லாகையெல்லாம் அழியாம சேர்த்து வைக்கற ஆர்க்கைவ் லாகை ஆன் பண்ணணும், இல்லைன்னா கடைசியா பேக்கப் எடுத்த நேரம் வரைக்கும்தான் மீட்க முடியும், அப்புறம் நடந்ததெல்லாம் போச்சு. பிறகு அவனே ஒரு ஃபைலை அழிக்கட்டும், அவனே மீட்கட்டும். கோபம் வரும், வரட்டும்.

பரீட்சை ஃபீஸ் அங்க எவ்வளவா இருந்தாலும் நானே கட்டறேன். ஆனா ஒரு நிபந்தனை. வீடியோவுல வந்து, நான் சொல்ற ஃபைலை, நான் சொல்ற நேரத்துல அழிக்கணும். நீயும் பக்கத்துல உக்காந்து பாரு. எழுப்பிக் காட்டினா அன்னைக்கே பணம் அனுப்பறேன், எழுப்பலைன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை திரும்ப. இதை அவனுக்குப் படிச்சுக் காட்டு, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா எனக்குச் சொல்லு.

அம்மாவுக்கும் ஆயாவுக்கும் என் அன்பு.

உன் மகள்