அறுபத்து நான்கு கட்டங்களின் அரிசி

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவைக்குப் பிறகு எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன என்று படித்து நிம்மதி அடைந்தேன். இங்கே மழை விட்டபாடில்லை. வீட்டில் அடைந்து கிடந்த பேத்திக்கு அம்பலப்புழைப் பால்பாயசக் கதையை, அதுதான் சதுரங்கத்தில் தோற்ற அரசன் முதல் கட்டத்துக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, பிறகு நான்கு என்று கட்டத்துக்குக் கட்டம் இரட்டிக்கும் அரிசியைத் தர வேண்டி வந்த கதையை, சொன்னதுதான் தாமதம், சதுரங்கப் பலகையை விரித்து அரிசியை எண்ணி வைக்கத் தொடங்கிவிட்டாள். எட்டாம் கட்டத்து 128 அரிசியும் பக்கத்துக் கட்டத்தில் சரிந்தன. பத்தாம் கட்டத்தோடு மொத்தம் 1023 என்று எண்ணி முடித்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

அறுபத்து நான்கு கட்டங்களும் நிறைந்தால் வரும் 18446744073709551615 என்ற எண்ணைப் பற்றி, "ஐந்தில் முடிகிறது, ஐந்தால் வகுபடும், அதற்கு மேல் என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். இருபது இலக்கம் என்ற மலைப்பை விட்டுவிடு. அது 2இன் 64ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. ஆகவே பள்ளியில் நாம் ராகம் போட்டு ஒப்பித்த ஏ ஸ்கொயர் மைனஸ் பி ஸ்கொயரை அதன்மேல் திரும்பத் திரும்பப் போட்டால், 3, 5, 17, 257, 65537, 4294967297 என்னும் ஆறு எண்களின் பெருக்கலாக அது பிரிந்து நிற்கிறது.

2இன் 1, 2, 4, 8, 16, 32ஆம் அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டினால் வருபவை இவை. இவற்றில் முதல் ஐந்தும் பகா எண்கள். அடுக்கை இரட்டித்துக்கொண்டே போகும் இந்த வரிசையில் வருபவை எல்லாமே பகா எண்கள்தாம் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். ஆனால் 4294967297ஐ 641 மீதியின்றி வகுக்கும் என்று 1732இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர் காட்டினார். ஈவாக வரும் 6700417 ஒரு பகா எண். 4294967297இன் காரணி எதுவும் 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும் என்பதையும் அவரே பின்னர் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்றுதான் தொடங்குகின்றன. ஐந்தாவது வகுத்தலிலேயே அகப்படுவது ஃபெர்மாவின் கண்ணில் எப்படித் தப்பியதோ!

வகுக்காமலே இதைக் காணும் வழியொன்று எனக்கு மிகவும் பிடித்தது. 641ஐ 5 × 128 + 1 என்றும் எழுதலாம், 625 + 16 என்றும் எழுதலாம். 641ஆல் வகுத்து மீதியை மட்டும் கணக்கில் கொண்டால், முதலாவதன்படி 5 × 128 என்பது −1. அதன் நான்காம் அடுக்காகிய 625 × (2இன் 28ஆம் அடுக்கு) என்பது 1. இரண்டாவதன்படி 625 என்பது −16, அதாவது 2இன் 4ஆம் அடுக்குக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. அதை இட்டதும் 2இன் 32ஆம் அடுக்கு −1 ஆகிவிடுகிறது, அதனோடு ஒன்றைக் கூட்டினால் மீதி பூச்சியம். மின்சாரக் கட்டண ரசீதின் பின்புறத்தில் எழுதிப் பார்த்தேன், நான்கே வரி.

65537க்கு அப்பால் இந்த வரிசையில் இன்னொரு பகா எண் இதுவரை அகப்படவில்லை.

கால்குலேட்டரைத் தொடமாட்டேன் என்று சபதம் செய்தவன் நீ. 641 × 6700417ஐக் கையாலேயே பெருக்கி, விடையை அடுத்த கடிதத்தில் எழுது. பேத்தியின் 1023 அரிசியும் அன்றிரவே குக்கருக்குள் போய்விட்டன.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்