இரவு பத்தரைக்கு மிக்ஸி: வேலூர் வெளிநாட்டுக் கல்வி ஆலோசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், காட்பாடி வட்டாரத்தில் பிள்ளைகளை வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பிவைக்கும் ஆலோசகர்களுக்கு,

வணக்கம். காந்தி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் பதினோரு அறைகள் கொண்ட சின்ன லாட்ஜ் நடத்துகிறேன். வந்து தங்குகிறவர்கள் பெரும்பாலும் சி.எம்.சி. மருத்துவமனையில் வைத்தியம் பார்க்க வரும் வங்காளத்துக்காரர்கள், அஸ்ஸாம், திரிபுராக்காரர்கள். என் மகன் ஜெர்மனியில் முதுகலை படிக்கிறான். உங்களில் ஒருவர் மூலமாகத்தான் போனான். யார் என்று சொல்லப்போவதில்லை. விசாரித்துப் பார்த்ததில் மற்றவர்களும் அப்படியேதான் இருக்கிறீர்கள், அதனால் ஒருவரை மட்டும் சொல்வது நியாயமாக இருக்காது.

உங்கள் வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. நம் படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று காட்டும் ஏபிஎஸ் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தீர்கள். பிளாக்டு அக்கவுன்ட்டில், அதாவது மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்க முடிகிற முடக்கிய கணக்கில், 11,904 யூரோ காட்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னதால்தான் நான் நிலத்துப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்க நேரம் கிடைத்தது. குளிருக்கு எத்தனை அடுக்கு போட வேண்டும், பெட்டியில் எத்தனை கிலோ பருப்பு வைக்கலாம் என்பது வரை பாடம் நடத்தினீர்கள். மிக்ஸியை மறக்காமல் எடுத்துப் போகச் சொன்னதும் நீங்கள்தான். அதை எந்த நேரத்தில் போடக் கூடாது என்றுதான் யாரும் சொல்லவில்லை.

அவன் இருப்பது பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடி. மூன்று பேர் ஆளுக்கு ஓர் அறை, சமையலறையும் குளியலறையும் பொது. 'வே-கே' என்கிறார்கள் அங்கே. போய் இறங்கிய ஏழாவது வாரம் கட்டட நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதில் தேதி, நேரம், என்ன சத்தம் என்று வரிசையாக ஒரு பட்டியல். கீழ்மாடியில் இருக்கும் ஒருவர் மூன்று வாரமாக நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறார். அதற்கு 'லெர்ம்-புரோட்டோகோல்' என்று பெயரே உண்டாம், சத்தக் குறிப்பேடு. இரவு 10.40, சமையலறையில் இயந்திரச் சத்தம். அது தேங்காய்ச் சட்னி. ஞாயிறு காலை 11, சுவரில் டிரில். அது அலமாரி மாட்டியது. ஞாயிறு மதியம், முற்றத்துத் தொட்டியில் கண்ணாடி பாட்டில்கள் போட்ட சத்தம். அது அதுவரை சேர்ந்த ஊறுகாய் பாட்டிலும் ஜாம் பாட்டிலும்.

அப்புறம் கடைசி இரண்டு வரி: வாரத்தில் நான்கைந்து நாள், நள்ளிரவு 12.30 சுமாருக்கு, உரத்த குரலில் பேச்சு.

நான் முதலில் கோபப்பட்டேன், மறைக்கவில்லை. "ஒரு சட்னி அரைச்சதுக்கா? அவங்களுக்கு நம்மளக் கண்டாலே ஆகாது. நீயும் பதிலுக்கு ஒண்ணு எழுதிக் குடு" என்றேன். அவன் போனில் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா, அந்தப் பன்னிரண்டரை மணி நீங்கதான்" என்றான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இங்கே என் மனைவி ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டதும் முதல் வேலையாகப் பையனுக்குப் போன் போடுவாள். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். ஆக அங்கே 12.30. பகுதிநேர வேலை முடிந்து வந்து அவனும் விழித்துத்தான் இருப்பான். என் அம்மாவுக்குக் காது மந்தம். அதனால் அவன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "ஆயா, சாப்ட்டேன், ஆயா!" என்று நாலு தடவை கத்த வேண்டும். நாங்கள் இங்கே சிரித்துக்கொண்டிருப்போம். கீழ்மாடிக்காரர் அங்கே நோட்டை எடுத்திருப்பார்.

இதில் எனக்குத்தான் அதிக வெட்கம். காரணம், அதே நோட்டீஸை எழுதி ஒட்டுகிற ஆள் நான். என் லாட்ஜின் ஒவ்வொரு மாடிப்படி முனையிலும் தமிழ், வங்காளம், இந்தி மூன்றிலும் எழுதியிருக்கிறது: இரவு 9-க்கு மேல் சத்தம் வேண்டாம், பக்கத்து அறையில் நோயாளி உறங்குகிறார். அறைவாசிகள் எங்களிடம் அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு எடுத்துத் தாங்களே சமைத்துக்கொள்கிறார்கள். ஒன்பதுக்கு மேல் மீன் பொரிக்க ஆரம்பித்தால் நானே போய்க் கதவைத் தட்டுவேன். அவர்கள் ஊரில் இரவுச் சாப்பாடே பத்து மணிக்குத்தான் என்பார்கள். "இங்கே அப்படி இல்லை தாதா" (வங்காளத்தில் 'அண்ணா') என்று சொல்லியிருக்கிறேன், எத்தனையோ முறை. நாற்பது மணி நேரம் ரயிலில் வந்த களைப்போடு, கையில் ஸ்கேன் கவரோடு நிற்கிற மனிதரிடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். என் பிள்ளைக்கு வந்தால் மட்டும் அது இளக்காரமா?

சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று மகனை வைத்தே தேடிப் பார்த்தேன். உங்கள் வகுப்பில் இருந்திருக்க வேண்டியவை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜெர்மனியில் இரவு அமைதி நேரம் பொதுவாக 10 முதல் காலை 6 வரை. 'ரூஹெ-ட்சைட்' என்பார்கள். பல கட்டடங்களில் மதியம் 1 முதல் 3 வரையிலும் உண்டு. ஞாயிறும் அரசு விடுமுறை நாளும் முழு நாளுமே அமைதி நாள். டிரில் போடுவது, புல்வெட்டி ஓட்டுவது, தொட்டியில் கண்ணாடி பாட்டில் போடுவது எதுவும் கூடாது. ஞாயிறு ஓய்வு அங்கே அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 1919-ல் எழுதிய வரியை 1949 சட்டத்திலும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வாரம் முழுக்க வகுப்பும் வேலையுமாக ஓடும் நம் பிள்ளை, வீட்டு வேலையை எல்லாம் எந்த நாளுக்குச் சேர்த்துவைப்பான்? ஞாயிற்றுக்கிழமைக்குத்தான். அங்கேதான் மாட்டுகிறான்.

மற்ற நேரத்திலும் 'ட்சிமர்-லவுட்-ஷ்டெர்க்கெ' என்று ஓர் அளவு. அறைக்குள் எழும் சத்தம் அறையோடு நிற்க வேண்டும் என்பது அதன் பொருள். இவற்றையெல்லாம் சேர்த்து 'ஹவுஸ்-ஓர்ட்னுங்' என்ற வீட்டு ஒழுங்குத் தாள் ஒன்று வாடகை ஒப்பந்தத்தோடு இணைத்திருக்கும். என் மகன் அதிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறான், படிக்காமல். ஜெர்மன் மொழியில் ஆறு பக்கம், அவன் என்ன செய்வான். அவனுக்கு வந்த கடிதத்தின் பெயர் 'அப்மானுங்', அதாவது எழுத்து எச்சரிக்கை. அதற்குப் பிறகும் தொடர்ந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்ல இடம் உண்டு. தேவையில்லாமல் சத்தம் போட்டு அக்கம்பக்கத்தைத் தொல்லை செய்தால் 5,000 யூரோ வரை அபராதமும் போடலாம். மாதம் ஒரு தடவை பார்ட்டி வைத்துக்கொள்ளலாம் என்று சீனியர்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது வெறும் கதை, அப்படி ஒரு உரிமை கிடையாது.

அதற்காகப் பிள்ளைகளைப் பயமுறுத்தியும் அனுப்பக் கூடாது. குழந்தை அழுதால் குற்றமில்லை. இரவில் வேலை முடிந்து வந்து குளிக்கலாமா என்று என் மகன் ஒரு வாரம் குளிக்காமலே படுத்திருக்கிறான், பாவம். குளிக்கலாம். டுசெல்டார்ஃப் உயர் நீதிமன்றம் 1991-லேயே அரை மணி நேரம் வரை இரவுக் குளியல் சரி என்று சொல்லிவிட்டது. ஒருவர் வாழ்வதால் எழும் சத்தம் வேறு, தள்ளிப்போடக் கூடிய சத்தம் வேறு. சட்னி நாளைக் காலை ஏழு மணிக்கும் அரைபடும்.

நம் ஊர்ச் சட்டம் மட்டும் என்னவாம்? 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும் இரவு 10 முதல் காலை 6 வரை என்றுதான் சொல்கின்றன. ஜெர்மனியின் அதே கடிகாரம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனையைச் சுற்றி நூறு மீட்டர் அமைதி மண்டலம். சி.எம்.சி. முன்னால் இருக்கும் ஐடா ஸ்கடர் ரோட்டில் ஒருநாள் மாலை நின்று பஸ் ஹாரனைக் கேட்டுவிட்டு வாருங்கள், அந்த நூறு மீட்டரின் கதி தெரியும். எழுத்தில் வித்தியாசம் இல்லை. அங்கே ஒருவர் நோட்டுப் போட்டு எழுதுகிறார், இங்கே நாம் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறோம்.

"நாம சத்தத்துலயே வளர்ந்த ஜனம், நமக்கு அது வராது" என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கு அதில் சம்மதமில்லை. வட ஆற்காட்டுக்காரர்களுக்குத் தெருக்கூத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பொழுது விடியும்வரை மத்தளமும் முகவீணையும் ஓயாது. யாரும் புகார் கொடுத்ததில்லை. ஊர் கூடிப் பேசி, கொடியேற்றி, காப்புக் கட்டி, இன்ன தேதியில் இன்ன நாள் கூத்து என்று எல்லாருக்கும் சொல்லி, வீட்டுக்கு வீடு வரி வாங்கித்தான் அந்த ராத்திரியை எடுத்துக்கொள்கிறார்கள். கேட்டு வாங்கிய ராத்திரி அது. ஆடியில் கேட்காமல் கொள்ளாமல் நாலரை மணிக்கே மைக் செட்டைப் போடுகிறவனை அதே ஊர் திட்டத்தான் செய்கிறது, சாமி பெயரால் செய்வதால் மெதுவாகத் திட்டுகிறது.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ நாலு பேர் கூடப்போகிறோம் என்றால், ஒரு வாரம் முன்பே மாடிப்படியில் ஒரு தாள் ஒட்டி, எத்தனை மணிக்கு முடிப்போம் என்று எழுதி, முடிந்தால் இரண்டு வீட்டுக் கதவைத் தட்டி நேரிலும் சொல்வது அங்கேயும் வழக்கம்தான். தாள் ஒட்டியதால் பத்து மணிக்கு மேல் ஆட்டம் போட உரிமை வந்துவிடாது. ஆனால் கீழே இருப்பவர் நோட்டை எடுப்பதற்கு முன் மேலே வந்து மணி அடிப்பார். என் மகன் எச்சரிக்கைக் கடிதத்துக்குப் பிறகு ஒரு டப்பா முறுக்கோடு கீழ்மாடிக்குப் போனான். அவர் மருத்துவமனையில் அதிகாலை ஷிப்டுக்குப் போகிறவர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நாலு மணிக்கு எழுகிற மனிதர். இப்போது மிக்ஸிக்கு அடியில் நாலாக மடித்த துண்டு இருக்கிறது. இடிகல்லைத் தரையில் வைத்து இடிப்பதில்லை. முறுக்கு அவருக்குப் பிடிக்கவில்லையாம், அது தனி.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. அமைதி நேரத்தைச் சாக்காக வைத்து வேற்று ஊர்க்காரனை விரட்டப் பார்க்கிறவர்களும் இருக்கத்தான் செய்வார்கள். நம் ஊரில் வாடகைக்கு வீடு விடும்போது நாம் போடாத நிபந்தனையா? காலை பத்து மணிக்குத் தாளிக்கிற வாசனைக்குப் புகார் வந்தால் அது சத்தத்தைப் பற்றிய புகார் இல்லை. அப்படி நேரும்போது பிள்ளையும் தன் பக்கத்தில் தேதி நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும். பல்கலைக்கழக மாணவர் விடுதி அமைப்பின் ஆலோசனைப் பிரிவுக்கோ வாடகைதாரர் சங்கத்துக்கோ போக வேண்டும். இதையும் நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். எது நம் தப்பு, எது இல்லை என்று பிரிக்கத் தெரியாத பிள்ளை ஒன்று எல்லாவற்றுக்கும் பணிகிறான், இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் சண்டைக்குப் போகிறான்.

சிங்கப்பூர் அனுப்புகிறவர்களுக்கும் இது பொருந்தும். என் அக்காள் மகன் அங்கே அடுக்குமாடி வீட்டில் ஓர் அறை எடுத்து இருக்கிறான். இரவு 10.30 முதல் காலை 7 வரை என்று இருந்த அமைதி நேரத்தை 10 முதல் 8 வரை நீட்டலாம் என 2022-ல் அங்கே ஒரு குழு பரிந்துரைத்தது. நமக்கு அவர்கள் இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே சீரியல் முடிந்து ஒன்பது மணிக்கு அக்காள் வீடியோ கால் போட்டால் அங்கே பதினொன்றரை.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. விசா வந்த பிறகு, விமானம் ஏறும் முன், ஒரே ஒரு மணி நேரம். அதில் ஒரு மாதிரி ஹவுஸ்-ஓர்ட்னுங்கைத் தமிழில் வரிக்கு வரி படித்துக் காட்டுங்கள். அங்கே ஏற்கெனவே போய் ஓர் எச்சரிக்கைக் கடிதமாவது வாங்கிய பையனையோ பெண்ணையோ வீடியோவில் பேசச் சொல்லுங்கள். நீங்கள் பேசுவதைவிட அது ஏறும். பெற்றோரையும் கட்டாயம் கூப்பிடுங்கள், பாட்டி இருந்தால் பாட்டியையும். ஆளுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கி, பிள்ளை போகிற ஊர் நேரத்தை வைத்து அடுப்படியில் மாட்டச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் மாட்டியாகிவிட்டது. மார்ச் கடைசியில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், அக்டோபர் கடைசியில் பின்னால். அதை மட்டும் மறந்துவிடுகிறோம். என் அம்மா இப்போது இரவு எட்டு மணிக்குப் பேசுகிறாள். அதே சத்தம்தான், ஆனால் அங்கே பட்டப்பகல்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு உங்கள் அலுவலகத்தில் இடம் போதவில்லை என்றால் என் லாட்ஜ் மொட்டை மாடியில் நாற்பது நாற்காலி போடலாம். வாடகை வேண்டாம். டீயும் நானே சொல்லிவிடுகிறேன். மைக் மட்டும் கூடாது, எட்டரைக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். ஒன்பதுக்கு மேல் கீழே ஆள் தூங்குகிறது.

இப்படிக்கு,
காந்தி ரோட்டு லாட்ஜ்காரன் ஒருவன்,
வேலூர்