பிரைமர் பாடத்தைத் திரும்பப் பெறக் கோரும் புகார்

யாழ்ப்பாணம்.

பெறுநர்:
முகாமையாளர்,
வாடிக்கையாளர் பிரிவு.

விடயம்: உங்கள் இணையவழித் தடயவியல் கற்கையில் பிரைமர் பற்றிய பாடத்திலுள்ள ஆபத்தான பிழைகள்

ஐயா / அம்மணி,

நான் யாழ்ப்பாணத்தில் தொழில் செய்யும் சட்டத்தரணி. துப்பாக்கிச் சூட்டு வழக்குகளில் நிபுணர் சொல்வதை விளங்கிக்கொண்டு குறுக்கு விசாரணை செய்ய உதவும் என்றுதான் உங்கள் கற்கைக்குக் காசு கட்டினேன். மற்றப் பாடங்களில் எனக்குக் குறையில்லை. கைத்துப்பாக்கி ரவைகளை மீள்நிரப்பும்போது, அதாவது சுட்டு முடிந்த வெறும் கோதுக்குப் புதிய பிரைமரும் வெடிமருந்தும் குண்டும் போடும்போது, பிரைமரை எப்படித் தெரிவு செய்வது என்ற பாடத்தை மட்டும் உடனே நீக்க வேண்டும். பிரைமர் என்பது கோதின் அடியில் இருக்கும் சிறு உலோகக் கிண்ணம்; துப்பாக்கியின் ஊசி அடித்ததும் சுவாலை தந்து மருந்தைப் பற்றவைப்பது அதுதான். முன்பு இதுபற்றி எழுதியபோது, அது அறிமுக மட்டப் பாடம் என்று ஒரு வரியில் பதில் அனுப்பினீர்கள். அறிமுக மட்டத்தில் படிப்பவருக்குத்தானே பிழையைக் கண்டுபிடிக்கத் தெரியாது!

ஸ்மால் பிஸ்டல், ஸ்மால் ரைபிள் பிரைமர்கள் இரண்டும் ஒரே அளவு, ஆகவே எதையும் போடலாம் என்கிறது பாடம். விட்டம் ஒன்றுதான், 0.175 அங்குலம். ஆனால் ரைபிள் பிரைமரின் கிண்ணத் தகடு பொதுவாகத் தடிப்பானது. கைத்துப்பாக்கியின் ஊசி அதைச் சரியாக நசுக்காமல் ரவை வெடிக்காமலே போகலாம். வெடித்தால் அழுத்தம் கணக்கை மீறலாம். மறுபக்கம், மெல்லிய பிஸ்டல் பிரைமரை ரைபிளில் போட்டால் கிண்ணம் துளைபட்டு, சூடான வாயு சுடுபவரின் முகத்துப் பக்கம் பீறிடும். லார்ஜ் வகையில் விட்டம் 0.210 அங்குலம், அங்கே ரைபிள் பிரைமர் உயரமும் கூடியது. அதைப் பிஸ்டல் கோதில் அழுத்தினால் வெளியே துருத்தி நிற்கும். சுடுகலன் முழுதாகப் பூட்டப்படும் முன்பே அது வெடிக்க இடமுண்டு.

மெக்னம் எனப்படும் சக்தி கூடிய ரவைக்கு, சுவாலை கூடிய மெக்னம் பிரைமர் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பெயரைப் பார்த்துத் தெரிவு செய்வதில்லை. மெதுவாக எரியும் பந்து வடிவ மருந்துக்குத்தான் அந்தக் கூடிய சுவாலை பெரும்பாலும் தேவை. வேறு மருந்தோடு .357 மெக்னத்துக்குச் சாதாரண பிரைமரையே சொல்லும் மீள்நிரப்பும் கைநூல் அளவைகளும் உள்ளன. கைநூலில் உள்ள பிரைமரை மாற்றினால் மருந்தைக் குறைந்த அளவிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும் என்பதை நீங்கள் சொல்லவே இல்லை. .45 ஏசிபி என்ற கைத்துப்பாக்கி ரவையின் கோதுகளில் லார்ஜ், ஸ்மால் என இரண்டு வகைப் பிரைமர் குழிகளும் வருகின்றன, அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும் என்பதும் இல்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது பிரைமர்களைப் பழைய ஜாம் போத்தலில் கொட்டிக் காட்டிய இடத்தில். கம்பனிகள் அவற்றைத் தனித்தனிக் குழியுள்ள தட்டுகளில் அடுக்கி விற்பதற்குக் காரணம் இருக்கிறது. கும்பலாகக் கிடந்தால் ஒன்று வெடிக்க எல்லாம் சேர்ந்து வெடிக்கும். கண்ணாடிப் போத்தல் என்றால் சிதறலும் சேரும்.

இங்கே ரவை மீள்நிரப்புவது சாதாரண ஆள் செய்யும் பொழுதுபோக்கு அல்ல. துப்பாக்கிக்கு 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், வெடிபொருளுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம் என்று இறுக்கமாகவே இருக்கிறது. ஆனால் உங்கள் கற்கை தமிழில் இருக்கிறது. கனடாவில் அனுமதிப்பத்திரத்தோடு சட்டப்படி மீள்நிரப்பும் எங்கள் பிள்ளைகளும் அதைப் பார்ப்பார்கள். தாய்மொழியில் சொன்னதை ஆள் நம்பிவிடும்.

இன்னொன்று, கிடைக்கும் பழைய கோதுகளைச் சேர்த்து வையுங்கள் என்று பாடத்தில் ஒரு வரி வருகிறது. வடக்கில் இப்படிச் சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது? முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றுபவர்கள் எத்தனை வருடம் பாடுபட்டார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். கிணறு வெட்டும்போதும் வளவு துப்புரவாக்கும்போதும் வெடிக்காத ரவை அகப்படும் மண் இது. வெறும் கோது எது, உயிருள்ள ரவை எது என்று ஒரு சிறுவனுக்குத் தெரியுமா? கண்டால் தொடாமல் பொலிஸுக்கு அறிவி என்பது மட்டுமே இங்கே சொல்ல வேண்டியது. தவிர, பழைய பிரைமரை ஊசியால் தள்ளி எடுக்க நீங்கள் காட்டும் முறை பொக்ஸர் வகைக் கோதுக்கு மட்டுமே சரி. அதில் நடுவே ஒரு துளை இருக்கும், துப்பாக்கி ஊசியின் அடியைத் தாங்கும் பட்டடைத் துண்டு பிரைமருக்குள் இருக்கும். பழைய இராணுவக் கோதுகள் பலவும் பேர்டன் வகை. பட்டடை கோதோடு சேர்ந்திருக்க, பக்கத்தில் இரண்டு சிறு துளைகள் இருக்கும். அதில் உங்கள் ஊசி முறியும்.

அப்புறம் என் தொழிலோடு சேர்ந்தது. எல்லாப் பிரைமரிலும் ஈயம், பேரியம், அந்திமனி மூன்றும் உண்டு, அவற்றின் துகள் கையில் இல்லையென்றால் அந்த ஆள் சுடவில்லை என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். வழக்கமான கலவையில் லெட் ஸ்டிப்னேட், பேரியம் நைத்திரேற்று, அந்திமனி சல்பைட் இருப்பது சரி. ஈயமற்ற பிரைமர்களும் சந்தையில் உண்டு. தவிர, கை கழுவினாலும் துகள் போய்விடும். இந்த வரியை நம்பி ஒரு இளம் சட்டத்தரணி நீதிமன்றத்தில் எழும்பி நின்றால் பாதிக்கப்படுவது கூண்டில் நிற்பவர்.

ஆகவே அந்தப் பாடத்தை உடனே தளத்திலிருந்து எடுங்கள். தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு திருத்தி எழுதுவியுங்கள். ஏற்கெனவே வாங்கிய எல்லோருக்கும், போத்தல் விடயத்தையும் கோது சேர்க்கும் வரியையும் குறிப்பிட்டு, எச்சரிக்கை அனுப்புங்கள். என் கட்டணத்தைத் திருப்பித் தருவது அதற்குப் பிறகு இருக்கட்டும். இரண்டு கிழமைக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுவேன்.

இங்ஙனம்,
உங்கள் வாடிக்கையாளர்,
சட்டத்தரணி, யாழ்ப்பாணம்.