மணிக்கோபுரத் திருப்பணி நிறைவு: சபையாருக்குக் குழுவின் அறிக்கை

அன்புள்ள சபையாருக்கு,

சாரத்தைக் கழற்றிய ஞாயிறன்று ஆராதனை முடிந்து வெளியே வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இரண்டு கோடைகாலமாக என்னதான் செய்தீர்கள்? முன்பு இருந்த மாதிரியேதானே இருக்கிறது?" என்று கேட்டார்கள். எங்களுக்கு அது பாராட்டாகவே பட்டது. ஆனாலும் காணிக்கை கொடுத்தவர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டுமே.

நம் ஆலயம் இருக்கும் இந்தக் கென்ட் குன்றுகளில் தோண்டினால் வருவது மென்மையான சுண்ணப்பாறையும், அதற்குள் உருண்டை உருண்டையாகச் சிக்கிமுக்கிக் கல்லும்தான். பழைய ஊர்க்காரர்கள் அதையே பொறுக்கிக் கட்டினார்கள். உருண்டைக் கல்லுக்கு மூலை கிடையாது. அதனால் கோபுர முனைகளுக்கு மட்டும் மெய்ட்ஸ்டோன் பக்கத்து ராக்ஸ்டோன் என்னும் கெட்டிச் சுண்ணாம்புக்கல். மற்ற இடமெல்லாம் சாந்துதான் கல்லைத் தாங்குகிறது. சில அடி எழுப்பி, சாந்து இறுகும்வரை காத்திருந்து, பிறகு அடுத்த சில அடி. வடக்குச் சுவரை மாலை வெயிலில் பார்த்தால் அந்தக் கிடைக்கோடுகள் தெரியும். அன்றைய சாரக்கம்பு செருகிய ஓட்டைகளும் அடைத்தபடி அங்கேயே இருக்கின்றன.

சரி, கோளாறு எங்கே வந்தது? போன நூற்றாண்டில் யாரோ நல்லெண்ணத்தோடு கல்லிடுக்குகளில் சிமெண்ட் பூசிவிட்டார்கள். சிக்கிமுக்கிக் கல் தண்ணீரைக் குடிக்காது. சுண்ணாம்புச் சாந்து குடிக்கும், குடித்ததை வெயிலில் விட்டுவிடும். சிமெண்டோ மயிரிழை வெடிப்பு வழியாக மழையை உள்ளே விட்டுவிட்டு, வெளியே போக வழி தராது. குளிரில் அந்தத் தண்ணீர் உறைந்து விரியும்போது கல் பெயர்ந்து வரும். மணியடிக்கும் அறையில் எத்தனை முறை பெயிண்ட் அடித்தும் பச்சை பூத்ததற்கு இதுதான் காரணம். உத்திரத்தின் நுனிகளும் இதனால்தான் உளுத்தன.

சிமெண்டை உளியால் கையாலேயே கொத்தி எடுத்தார்கள். மெஷின் வைத்தால் கல்லின் முகம் தெறித்துவிடும். சுண்ணாம்புச் சாந்து வைத்த பிறகு ஈரச் சாக்குத்துணி போர்த்தி மெல்ல இறுக விடவேண்டும். பனி விழுந்தால் பாழ். அதனால் அக்டோபரில் நிறுத்தி மறு வசந்தத்தில் தொடர்ந்தோம். கோபுரத்தில் குட்டி போட்டிருந்த வௌவால்களும் எங்களைத் தாமதப்படுத்தின. சட்டப்படி அவற்றை அசைக்கக்கூடாது.

மறுபடி சிமெண்டே பூசிச் சீக்கிரம் முடிக்கலாம் என்று சொன்னவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயத்துக்குக் கவுன்சிலின் பாரம்பரியக் கட்டட அனுமதி தேவையில்லைதான். அதற்குப் பதில் மறைமாவட்ட நீதிமன்றத்தின் ‘ஃபாகல்ட்டி’ அனுமதி வேண்டும். சிமெண்ட் என்று எழுதியிருந்தால் அது கிடைத்திருக்காது.

உள்ளே பூச்சை உரித்துக் கல்லைக் காட்டினால் அழகு என்றும் ஒரு யோசனை வந்தது. 19ஆம் நூற்றாண்டில் பல ஆலயங்களை இப்படித்தான் சுரண்டினார்கள். இதைப் பொறுக்காத ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தையே தொடங்கினார். ஐரோப்பிய இடைக்காலத்தில் உட்சுவர் பூசி, வண்ணமும் தீட்டித்தான் இருந்தது. ஆகவே வெறும் வெள்ளையடிப்போடு நிறுத்திக்கொண்டோம்.

பணக்கணக்கு வாசல் மேஜையில் இருக்கிறது, தணிக்கை முடிந்தது. பழைய ஆலயங்களுக்கு வாட் வரியைத் திருப்பித் தந்த அரசுத் திட்டத்தில் 2025 ஏப்ரலில் 25,000 பவுண்டு உச்சவரம்பு வந்ததால் நம் கையிருப்பு நினைத்ததைவிடக் குறைந்தது.

தெற்கு வாசல் கல்லில் ஒரு துளையும் அதிலிருந்து விரியும் கீறல்களும் உண்டு. ஆராதனை நேரம் பார்க்க அன்று வைத்த நிழல் கடிகாரம் அது. அதைத் தொடவே இல்லை. பிள்ளைகள் அந்தத் துளைக்குள் பென்சில் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இலை உதிர்ந்ததும் நவம்பரில் ஒரு சனிக்கிழமை தரைமட்ட வடிகால்களைச் சுத்தம் செய்கிறோம். கையுறை கொண்டுவாருங்கள், தேநீர் நாங்கள் போடுகிறோம்.

திருப்பணிக் குழு